மூலையைத் தூக்கிப் பார்த்தல்

காரை விற்றபின் மிஞ்சியது
ஒரு எண்ணெய்க் கறையும்
அதைச் சுற்றிப் பதினொன்றுக்கு ஒன்பது அடி கொங்கிரீட்டும்.
"உடைப்பம்" என்றேன்.
தவநேசன் கல்குலேட்டரை எடுத்தார்.

இரண்டு நாள் ட்ரில் சத்தம்.
ஹம்டன் லேன் முழுக்க எங்களைத் திட்டியது.
கொங்கிரீட்டின் கீழே கடல் மணல்,
சோடா மூடி, சிப்பித் துண்டுகள்,
கலவை போட்ட நாளில் யாரோ தவறவிட்ட தேக்கரண்டி.
கழுவி, லாச்சியில் வைத்தேன்.

சுமனபால மணலை நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"உப்பு, நோனா."
அவனுடைய தமிழும் என்னுடைய சிங்களமும்
பாதி வழியில் சந்தித்து
ஒரு டிராக்டர் சிவப்பு மண்ணுக்கு விலை பேசின.
தும்புத்தூள் மூன்று மூட்டை, எரு ஒன்று.
மழைத்தண்ணி வீட்டுக்குள் வராதபடி
ஒழுங்கைப் பக்கம் சற்றே சரிவு.
நான் கயிறு பிடித்தேன்.

புல் விடிய ஐந்தரைக்கு வந்தது.
ரொட்டிபோல அடுக்கி, ஈரச் சாக்கால் மூடி.
தொண்ணூற்றொன்பது காணும்;
உடைசலுக்கென்று தவநேசன்
நூற்றைந்து சொல்லியிருந்தார்.
ஒன்றைத் தூக்கினேன்:
குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் மடியில் ஏறும்
பிள்ளையின் கனம்.

"எந்த ஊர்ப் புல்?"
"குளியாப்பிட்டி."
"எப்ப வெட்டினது?"
"நேற்றுப் பின்னேரம்."
"இங்க நிற்குமோ?"
கேட்டு முடிக்க முதலே
என் குரலுக்குள் வேறொரு குரல் கேட்டது.
எந்த ஊர், எப்ப வந்தது, என்ன அலுவல்,
எத்தனை நாள் நிற்பீங்கள்.
தேக்கரண்டி வைத்த அதே லாச்சியில்
பொலிஸ் முத்திரையோடு
இப்பவும் கிடக்கிறது அந்த மஞ்சள் தாள்.
புல்லிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

விளிம்பை விளிம்போடு நெருக்கி,
செங்கல் வைக்கிற மாதிரி
மூட்டின்மேல் மூட்டு விழாமல் வைத்தான்.
பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.
பொருத்துகளுக்குள் மணல் தூவினோம்.
பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.
"காலையும் பின்னேரமும் தண்ணி.
மூன்று கிழமை ஒருவரும் மிதிக்கக் கூடாது."
"மழை வந்தால்?"
"மழையை நம்ப வேண்டாம் நோனா.
உங்கட கூரைக்குப் பெய்யும், புல்லுக்குப் பெய்யாது."

ஒருவரும் மிதிக்கவில்லை,
மேல்மாடி ஜெசீமாவின் பூனையையும்
புழு தேடிய காகங்களையும் தவிர.
தபால்காரர் ஒரு கால் மட்டும்.
நாலாம் நாள் கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு கபரகொய்யா
வாடகை வாங்க வந்தவர்போல்
குறுக்கே நடந்து போனது.

எட்டாம் நாள் ஓரமெல்லாம் வெளிறி
பழைய தும்புத்தடி நிறம்.
இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
தவநேசன் தண்ணி பில்லை
ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள்
இரண்டு சதுரங்களுக்கு நடுவே
நெட்டையாக ஒன்று எழும்பியது.
களை என்று பிடுங்கப் போய்
சுமனபாலவுக்குப் படம் அனுப்பினேன்.
குரல்பதிவில் சிரிப்பு முதலில் வந்தது:
"அது நெல், நோனா.
புல்லுக்கு முந்தி அது வயல்தானே."
விட்டுவிட்டேன்.
வெள்ளவத்தையில் என் மொத்த விளைச்சல்
ஒரு தாள் நெல்.

இருபதாம் நாள் முழந்தாளில் இருந்து
படலையோரச் சதுரத்தின் மூலையை
இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன்.
பேசாமல் எழும்பி வந்தது.
அடியில் ஒரு மண்புழு சுருண்டுகொண்டது.
மன்னிப்புக் கேட்டு மூடினேன்.
மதிலோரம் அரையும் குறையும்.
நடுவில், எண்ணெய்க் கறை இருந்த இடம்:
இழுத்தேன்.
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
நகத்துக்குள் மண் ஏறியதுதான் மிச்சம்.

நிமிர்ந்தால் வாசற்படியில் தவநேசன்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
"மிதிக்கலாமோ?"
"நாளைக்கு" என்றேன்.