பதினான்கு மீட்டர் பத்து

புந்தா அரேனாஸில் காற்று தெருவைக் கடக்க விடாது.
வங்கி முனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
காகித விமானத்துக்கு இங்கே வெளியே வேலையில்லை.
என்னிடம் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது:
நகராட்சி உள்ளரங்கம், ஞாயிறு காலை,
கூடைப்பந்துப் பையன்கள் வரும்வரை இரண்டு மணி நேரம்.

மிலென்காவுக்கு ஒன்பது வயது.
அவள் அம்மாவோடு வாழ நான் வந்து எட்டு மாதம்.
என்னை ரேனே என்று கூப்பிடுகிறாள்,
மின்கட்டண ரசீதில் அச்சான பெயரைப் படிப்பதுபோல.

முதல் விமானம் பல்பொருள் அங்காடியின் தள்ளுபடித் தாள்.
இறக்கையில் பாதி விலைக்குப் பன்றித்தொடை.
மூக்கைத் தூக்கியது, நின்று யோசித்தது,
தொப்பென்று விழுந்தது.
கொடு, நான் சரிசெய்கிறேன் என்று வாங்கினேன்.
மூக்கில் ஒரு கிளிப்,
இறக்கையின் பின்னோரத்தில் ஒரு சின்ன மடிப்பு.
மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிப் போயிற்று.
எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அவள் தட்டவில்லை.
"எதனால போச்சு? கிளிப்பாலா, மடிப்பாலா?"
தெரியாது.
"ரெண்டையும் ஒண்ணாப் பண்ணினா எப்படித் தெரியும்?"
கிளிப்பைக் கழற்றினாள். மடிப்பை நகத்தால் நீவினாள்.
அளவுநாடாவின் ஒரு முனையை
என் கையில் திணித்தாள்.
அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.
மூன்று எறிதல்.
மூன்றில் நடுவாக வருவதைத்தான் எழுதுவாள்,
பெரியதை அல்ல. அது அதிர்ஷ்டமாம்.
கிளிப் மட்டும்: ஆறு நாற்பது.
மடிப்பு மட்டும்: ஐந்து பதினைந்து, இடப்பக்கம் சாய்ந்தது.
கிளிப்பை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தி: ஏழு எண்பது.
இரண்டு கிளிப்: கல்.
அப்படியே எழுதினாள், கல் என்று. எண்ணே போடவில்லை.

நான் குனிந்து நாடாவின் சுழியத்தைக் கோட்டில் அழுத்துவேன்.
மறுமுனை நாற்பது வாட் மஞ்சள் வெளிச்சத்துக்குள்
அவளோடு போய்க்கொண்டே இருக்கும்.
இடையில் நாடா தொய்ந்தால்
"இழு, ரேனே" என்பாள்.
எட்டு மாதத்தில் நாங்கள் பேசியதில் பாதி இதுதான்.

மூன்றாம் ஞாயிறு கடுங்குளிர்.
அவள் விரல் நுனிகள் சிவந்து, பென்சில் நழுவிக்கொண்டிருந்தது.
கிளிப்பை இன்னும் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள்,
முதுகு என் பக்கம்.
நான் போய்ச் சுவரிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன்.
அடுத்த எறிதல் விழவே மனமில்லாமல் போனது.
கூடைக்கு அடியில் மெல்லத் தரை தொட்டது.
பதினான்கு பத்து.
இரண்டாவது, பதின்மூன்று எழுபது.
மூன்றாவது, பதினான்கு நாற்பது.
அவள் குதித்தாள். கத்தினாள். ஓடிவந்து
என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.
அந்தக் கை என்மேல் பட்டது அதுதான் முதல்முறை.

பிறகு நோட்டைத் திறந்தாள்.
"கிளிப்பை மட்டும்தான் மாத்தினேன். வேற ஏதாவது மாறிச்சா?"

தலைக்குமேல் ஊதுகுழாய் உறுமிக்கொண்டிருந்தது.
வெப்பம் எங்கள் கோட்டிலிருந்து கூடைவரை
நேராக வீசிக்கொண்டிருந்தது.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
அந்தக் கை சட்டையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.

"ஹீட்டர். நான்தான் போட்டேன். உனக்குக் குளிருமேன்னு."

அவள் அண்ணாந்தாள்.
வெகுநேரம் அதையே பார்த்தாள்.
பதினான்கு பத்தின்மேல் ஒரு கோடு,
உள்ளே எண் தெரியும்படி மெல்லிசாக.
பக்கத்தில் எழுதினாள்: ஹீட்டர், ரேனே.

அணைத்தோம்.
குழாய் அடங்கும்வரை காத்திருந்தோம், அவள் கைகள்
என் கோட்டுப் பைகளுக்குள்.
அதை அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.
குளிருக்கு அங்கே இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் எறிந்தாள்.
எட்டு தொண்ணூறு. ஒன்பது இருபது. ஒன்பது முப்பது.
"ஒன்பது இருபது" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.
வெளியே கூடைப்பந்துப் பையன்கள் கதவைத் தட்டினார்கள்.
"இரு, ரேனே, நாடாவை விடாதே,"
என்றாள், "இன்னொண்ணு இருக்கு.
அடுத்த வாரம் வேணும்னே ஹீட்டரைப் போட்டுப் பார்க்கணும்."