இடது கழுத்து

ஐந்து நிமிடம்கூட இல்லை.
கடைக்குத் தகரக் கதவை இழுத்து இறக்கியதுபோல்
இடக்கண்ணில் மேலிருந்து கீழே ஓர் இருட்டு.
வலக்கையில் இருந்த தே தாரேக் குவளை
யாரோ கேட்டு வாங்கிக்கொண்டதுபோல் நழுவிப் போனது.
பிறகு எல்லாம் சரி.
வெயில், என்று நினைத்தாராம்.
சுங்காய் சந்தையில் கெம்போங் மீன் வாங்கி வந்தார்.
மூன்று நாள் என்னிடம் வாய் திறக்கவில்லை.

டாக்டர் ஹஸ்லிண்டாவுக்கு எங்கள் மூத்தவள் வயது.
நெஞ்சில் வைத்த குழாயை
வழி தவறியவள்போல் மேலே நகர்த்திக்
கழுத்தில் வைத்தாள்.
மூச்சைப் பிடிக்கச் சொன்னாள்.
அவரோடு சேர்ந்து நானும் பிடித்தேன்.
"ஒரு சத்தம் வருகிறது" என்றாள்.

ஈப்போவில் குளிர்ந்த பசை தடவிப் பார்த்தார்கள்.
நூற்றுக்கு அறுபத்தெட்டு அடைத்துவிட்டது.
மீதமுள்ள இடுக்கில்தான்
என் பெயரும்
மோட்டார் சைக்கிள் பாக்கியும்
சீட்டாட்டத்தில் அவர் செய்யும் திருட்டும்
ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன.

படிவத்தில் முதலில் அப்பாவைக் கேட்டார்கள்.
மாமனார் நாற்பத்தொன்பது வயதில்
பால் வாளியோடு நிரையில் விழுந்தவர்.
ஆங்கின் அமார், சிவப்புக் காற்று என்றார்கள் மலாய்க்காரர்கள்.
நம்மவர்கள் பேய் என்று கோழி அறுத்தார்கள்.
காற்றுக்கும் பேய்க்கும் அதில் கட்டம் இல்லை.
'ஸ்ட்ரோக்' என்று எழுதினாள் பெண்.
முப்பத்தெட்டு வருடம் கழித்து
அவர் எதனால் செத்தார் என்று தெரிந்தது.

புகை? எப்போதாவது, என்றார்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
தினம் ஒரு பெட்டி.
எத்தனை வருடமாக?
அதே முப்பத்தெட்டு.
அப்பன் கருமாதியில் யாரோ நீட்டியது.

ரத்தக் கொதிப்பு.
அதற்கு மாத்திரை தந்திருந்தார்கள்,
தலை சுற்றுகிறதென்று பரண்மேல் போட்டுவிட்டார்.
செம்பனை மில்லில் பாய்லர் பார்க்கிற ஆள்!
ஊசி சிவப்பைத் தொட்டால்
சோற்றுக் கையோடு ஓடி நீராவியைத் திறந்துவிடுவார்.

இனிப்புநீர் என்றதும் நான் தலை குனிந்தேன்.
பால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டது
இந்தக் கைதான்.
கருவாடு பொரித்ததும் இதுதான்.
உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுவார்,
தள்ளட்டும் என்று ஒருநாள்
விட்டிருக்கலாம்.

கொழுப்பு மிக அதிகம் என்று வந்தது.
கட்டின புதிதில் நான் சொன்னதுதான்,
உங்களுக்குக் கொழுப்பு அதிகம் என்று,
இடுப்பில் கிள்ளியதற்கு.
இப்போது அரசாங்கம் முத்திரை குத்தித் தருகிறது.
பார்த்தியா, என்று அவர் சிரித்தார்.
டாக்டருக்குப் புரியவில்லை.
மலாயில் எப்படிச் சொல்வது, நானும் சொல்லவில்லை.

இரட்டை ஷிப்ட்டைக் கேட்கவில்லை.
ஆள் குறைப்புக் கடிதம் வரும் வராது என்று
விழித்திருந்த ஏழு மாதத்தைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ஓரத்தில் இடம் இருந்தது.

கழுத்தை நீட்டியவள் நான்.
வினை அவர் கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்றிரவு
இடது கழுத்தில் காதை வைத்தேன்.
இருபத்தொன்பது வருடமாகத் தலை வைத்த இடம்.
இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டாமா?
உற்றுக் கேட்டேன்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மில் இரைந்தது.
அவ்வளவுதான்.

"என்னடி" என்றார், தூங்கவில்லை போல.
"மாத்திரை போட்டீங்களா?"
"போட்டாச்சு."

அடுப்படிக்குப் போய்
விளக்கைப் போடாமல்
அட்டையை விரலால் தடவி எண்ணினேன்.
பதின்மூன்று.
சரிதான்.
மறுபடியும் எண்ணினேன்.