கழுத்தில் ஒரு கோடு

சின்னப்பாலத்துக்குத் தெற்கே
காலை ஆறே முக்கால்.
கூட்டுறவு வங்கி நாட்காட்டிக்குப் பன்னிரண்டு படம்.
முன்பணம் வாங்கியாயிற்று,
வாங்கியதில் பாதி லென்ஸுக்குத் தவணை.

இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி
கிடந்தது கடல்.
அழகுதான்.
எவ்வளவு பெரிதென்று
தானாகச் சொல்லத் தெரியாத அழகு.
இதற்கொரு ஆள் வேண்டும்.
எங்கே நிறுத்துவது என்பதுதான் என் பிழைப்பு.

நட்ட நடுவில் நிறுத்தினால் அடையாள அட்டை.
ஓரத்தில் ஒதுக்கினால் வழி தவறி வந்தவர்.
மூன்றாய்ப் பகுத்து ஒரு பங்கு தள்ளி,
பார்க்கும் திசையில் கொஞ்சம் காற்று விட்டு...
பரமக்குடி மண்டபங்களில்
இருபது வருடம் சம்பந்திகளை வரிசைப்படுத்திய கை.
கடலைப் பார்த்தும்
'கொஞ்சம் நெருங்கி நில்லுங்க' என்று நீளும்.

பாசி எடுக்கும் பெண்கள் வந்தார்கள்.
விரலுக்கு விரல் துணி சுற்றி,
நெற்றி மேல் நீர்க்கண்ணாடி ஏற்றி,
ஆம்பளைச் சட்டைகளில்.
ஊதாச் சட்டைக்காரரைக் கேட்டேன்:
"அக்கா, அந்தக் கல்லு மேல. ரெண்டு எட்டு இடது."

நம்புசெல்வி ஏறி நின்றார்.
கல்லைச் சுற்றிக் கணுக்கால் நீர்.
கையில் காலிச் சாக்கு.
எடுத்தேன்.
நல்ல படம் என்றுதான் நினைத்தேன்.

"காட்டு."
மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல்
திரையைப் பார்த்தார்.
"கடல்கோடு என் கழுத்துல ஓடுது பாரு.
அறுத்து வச்ச மாதிரி இருக்கு."

அறுத்துத்தான் வைத்திருந்தேன்.
தாலிக்கயிறுக்கு மேலே, தாடைக்குக் கீழே,
சவரக்கத்தி வாட்டத்தில் தொடுவானம்.

"ஆமா, நான் எதுக்கு இதுல?"
"கடல் எம்புட்டுப் பெருசுன்னு தெரியணும்ல."
"ஓ. அளவுகுச்சி."
சிரிக்கவில்லை.
"கடலை அளக்க ஆள நிறுத்துற.
ஆள அளக்க எத நிறுத்துவ?"

பதில் இல்லாததால் வேலையைப் பார்த்தேன்.

வழி இரண்டு.
கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தில் ஏறிக்
கீழ்நோக்கி எடுத்தால்
கோடு தலைக்கு மேல் போகும்,
அவர் முழுசாகக் கடலுக்குள் அடங்கிவிடுவார்.
எனக்குக் கால் நனையாது.
இன்னொன்று
முட்டி போடுவது.

இடுப்பில் கை வைத்து நின்றார்,
"தண்ணி ஏறிரும், சட்டுனு" என்றார்.

போட்டேன்.
பேண்ட் நனைந்தது, பர்ஸ் நனைந்தது,
பர்ஸில் தவணை ரசீதும்.
கோடு இறங்கி இறங்கி இடுப்புக்கு வந்தது.
தோளும் தலையும் வானத்துக்குப் போயின.
குருசடைத் தீவு
அவர் சட்டை ஓரத்தில் ஒட்டிய
பச்சைத் துரும்பு.

"எங்க பாக்கணும்?"
"நீங்க எங்க பாப்பீங்களோ அங்க."
படத்துக்கு வெளியே பார்த்தார்.
நான் கற்ற எல்லா விதிப்படியும் பிசகு,
மூக்குக்கு முன்னால் ஓர் அங்குல இடமில்லை.
வெளியே, எனக்குத் தெரியாத நீரில்
மற்றவர்கள் மூழ்கத் தொடங்கியிருந்தார்கள்.
ஒவ்வொரு தலையாக மேலே வருவதை
உதடசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணி முடிப்பதற்குள் எடுத்தேன்.

டிசம்பர் கடைசியில் நாட்காட்டி வந்தது.
ஜூலையில் இருந்தார்.
வானத்தில் வங்கி முத்திரை,
பாதத்துக்குக் கீழே முப்பத்தொரு கட்டங்கள்.
வெட்டாமல் போட்டதே பெரிசு.
ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.
போன் வந்தது.

"கழுத்து சரியா இருக்கு.
ஆனா ஆடி மாசத்துலயா போட்ட?
கச்சான் அடிக்கையில
கடல் இப்படியா தெளிஞ்சு கிடக்கும்?"

"எந்த மாசம் போடலாம்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.
பங்குனி."
வைத்துவிட்டார்.

மார்ச்சுக்குத் திருப்பினேன்.
அங்கே பாம்பன் பாலம்.
கோடெல்லாம் கச்சிதம்.
ஆளே இல்லை.