கையிருப்பு

பதினெட்டு வருஷம் கப்பலில் ஸ்டோர்கீப்பர்.
எதைப் பார்த்தாலும் நாளாகத்தான் எண்ண வரும்.
வெங்காயம் இருபத்தாறு. மாவு நாற்பது.
முட்டை, குளிரறை நின்றுபோனால், ஒன்பது.

வேர்க்கிளம்பிக்கு அப்பால்
தரகர் வில்பிரட் காட்டிய நாற்பத்திரண்டு சென்டிலும்
கோடு போட்ட நோட்டோடுதான் இறங்கினேன்.
லாரி வராமல், கரண்டு வராமல்,
ரேஷன் கடை ஷட்டர் ஏறாமல் போனால்
இந்த விளை இரண்டு பேரை
எத்தனை நாள் தாங்கும்?

கிணறு. பதினாலு உறை என்றார் வில்பிரட்.
எண்ணினேன், பதினொன்று.
கல் கட்டிக் கயிறு இறக்கினேன்,
பங்குனி வெயிலிலும் ஒன்றரை ஆள் வெள்ளம்.
இங்கே குடிப்பதற்கும் அதுதான் பெயர்,
வீட்டுக்குள் ஏறி வந்து
கட்டிலைத் தூக்கிப் போவதற்கும் அதுதான் பெயர்.
இரண்டு பத்தியிலும் எழுதிக்கொண்டேன்.

தென்னை பத்தொன்பது, இரண்டில் வண்டு.
சக்கை ஆடிவரை.
மரச்சீனி நாற்பது மூடு:
மண்ணுக்குள் இருக்கும்வரை மாசக்கணக்கு,
பிடுங்கினால் இரண்டே நாள்.
இப்படியொரு சரக்கை எந்தத் துறைமுகத்திலும் ஏற்றியதில்லை.

அரிசி, பூஜ்யம்.
கீழே ஏலா முழுக்க வாழை,
வாழைக்கு அப்பால் வெள்ளையடித்த பிளாட் கல்.
மேட்டுப்பக்கம் கண்ணெட்டும் தூரம் ரப்பர்.
ஷீட்டை அவித்துத் தின்ன முடியாது.
உப்புக்குப் புத்தளம் வரை சைக்கிள் மிதிக்கணும்.
மீனுக்குக் குளச்சல்.
கடல் எத்தனை நாள் என்று எழுதப் போய்
அடித்துவிட்டேன்.

ஜெபலீலா ஆட்டோவிலேயே இருந்தாள்,
மடியில் பிளாஸ்க், அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் மருந்து.
இன்சுலின், பிரிட்ஜ் இல்லாமல், இருபத்தெட்டு நாள்.
கப்பலில் ஒரு சட்டம் உண்டு:
எது முதலில் தீருமோ அதுதான் கையிருப்பு.
பத்தொன்பது தென்னையும், பதினொரு உறையும், நாற்பது மூடும்
கூட்டிக் கழித்தால் இருபத்தெட்டு.
அடிக்கோடு போட்டேன்.

"என்னத்த எழுதுதீரு?"
வேலிக்கு அந்தப்பக்கம் புல்லறுத்த பெண். புஷ்பாபாய்.
சொன்னேன்.
அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்,
"ரெண்டு பேருக்கா?"

"புயலுக்குப் பொறவு பதிமூணு நாள் கரண்டு இல்ல.
பதினேழு வீடு இந்தக் கிணத்துலதான் வெள்ளம் கோரிச்சு.
அந்தா கெடக்க வாளி எங்க வீட்டது."

வில்பிரட் அவசரமாக,
"அதெல்லாம் பத்திரத்துல கெடையாது சார்."

ஒன்றரை ஆள் வெள்ளத்தைப் பதினேழால் வகுத்தேன்.
முள்கம்பிக்கு என்று ஒதுக்கிய தொகை
பக்கத்திலேயே இருந்தது,
இத்தனை மீட்டர், இத்தனை ரூபாய்.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மருந்தைப் பற்றியும் கேட்டேன், சும்மாதான்.
"எங்க அண்ணனுக்க ஊசி மருந்தா?
மீன்காரி பெட்டியில இருந்துச்சு.
குளச்சல்ல ஜெனரேட்டர் போட்ட ஐஸ்,
ரெண்டு நாளைக்கு ஒருக்க ஸ்கூட்டர்ல கொண்டாருவா.
குப்பியெல்லாம் ஒரே சாள மணம்.
அவன் பொழச்சிட்டான், இப்பவும் சாள தின்னமாட்டான்."

பேனாவைத் திறந்தேன்.
ஐஸ், குளச்சல் என்று எழுதினேன்.
மீன்காரியின் பெயர் கேட்கவில்லை.
நாள் என்ற கட்டத்தில்
மை ஒரு புள்ளியாக நின்று ஊறியது.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை.
ஐப்பசியில் ஒருமுறை வருகிறேன்,
வெள்ளம் எந்தப் படிவரை ஏறுகிறதென்று பார்க்கணும் என்றேன்.
வில்பிரட்டின் முகம் சுருங்கியது.
கயிற்றைச் சுருட்டினேன், பாதிக்கு மேல் ஈரம்.

ஆட்டோ கிளம்பும் நேரம்
புஷ்பாபாய் ஒரு மூட்டைப் பிடுங்கி
மண்ணோடு ஜெபலீலாவின் காலடியில் வைத்தாள்.
தன் விளையில் பிடுங்கினாளா,
நான் விலை பேசிய விளையிலா, கவனிக்கவில்லை.

இன்று வியாழன்.
சனிக்கிழமைக்குள் தின்றாகணும்.