வெள்ளை வில்லை

மிலாஸ் குன்றை உடைத்து அரைத்த
ஃபெல்ஸ்பார் மாவில் ஒரு கரண்டி எடுத்து
வில்லையாய் அழுத்தி
ஆயிரத்து இருநூறு டிகிரியில் சுடுகிறேன்.
விடிவதற்குள் பதினான்கு வில்லைகள்.
பால்வெள்ளையாய் வர வேண்டும்.

மச்சம் மனிதருக்குப் பொருந்தும்,
குளியலறை டைல்ஸுக்குப் பொருந்தாது.
இத்தாலியிலிருந்து கடிதம்:
நானூறு டன். பெட்டிக்கு ஒரு கரும்புள்ளி.
பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

மைக்காவாகத்தான் இருக்கும் என்றார்
மேலாளர் செர்மெத்.
இங்கே பழி எப்போதும் கருப்பு மைக்கா மேல்தான்.
இரும்பைக் கொஞ்சமாய்க் குடித்த கல் அது;
காந்தம் அழைத்தால் ஓடி வராது,
தயங்கும்.
அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இந்த ஆலை.
சுழலும் உருளையின் விளிம்பில்
வெள்ளை எட்டிப் பாய்ந்து முன்னே விழ
கருப்பு ஒரு மயிரிழை நேரம் ஒட்டி நின்று
பின்னே விழும்.
நடுவில் ஒரு தகடு.
அவ்வளவுதான் எங்கள் தீர்ப்பு.

தகட்டை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினோம்.
நல்ல கல்லும் கழிவுக்குப் போனது.
புள்ளி போகவில்லை.

மூன்றாம் இரவு
சுடாத மாவை உருப்பெருக்கியின் கீழ் பரப்பினேன்.
மைக்கா என்றால் ஏடு ஏடாய்க் கிடக்கும்.
இது சுருண்டு கிடந்தது,
வெட்டிப் போட்ட நகம்போல.

கைக்காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு
ஆலையின் ஒவ்வொரு வாயிலும் நீட்டினேன்.
நொறுக்கியடியில் அதற்குத் தாடி முளைத்தது.
அது வழக்கம், உருளைகள் பார்த்துக்கொள்ளும்.
உருளைகளுக்குக் கீழே சுத்தம்.
சேமிப்புக் கலத்தின் வாயில்
மறுபடி மீசை.

இடையில் இருப்பது ஒரே ஒரு திருகுக் கடத்தி.
நெஜ்மி மூடியைக் கழற்றினார்.
போன மாதம் அவரே மாட்டிய தாங்கி
ஒரு நூல் சரிந்திருந்தது.
இரும்புத் திருகு இரும்புத் தொட்டியை
இரவும் பகலும் உரசியிருக்கிறது,
காந்தத்தைத் தாண்டித் தேறி வந்த
வெள்ளையின் நடுவே.

யாரும் பேசவில்லை.
நெஜ்மி கையுறையை உருவிவிட்டு
உரசல் தடத்தை ஒரு விரலால் தடவினார்.
"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
செர்மெத் ஏற்கெனவே எழுதியிருந்தார்: மலை.
அடித்துவிட்டு 'தாங்கி' என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் 'யார்'.
அதற்கு எதிரே பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

பையிலிருந்து காந்தத்தை உருவியதும்
அது பிடித்து வைத்திருந்ததெல்லாம்
மறுபேச்சில்லாமல்
மேசையில் உதிர்ந்தது.