கோரிப்பாளையம் சிக்னல்

தொண்ணூறு நொடிச் சிவப்பு.
ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்,
பக்கத்து அக்காவின் கீரைப்பை பாதி என் மடியில்.
யாருக்கும் தெரியாது,
நான் பயிற்சியில் இருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் ஜெனோவா மேடம் சொன்னது:
வர்ற ஒண்ணுக்கை அடக்குற மாதிரி
உள்ளே இழு, மேலே தூக்கு,
பத்து எண்ணு, விடு.
மூச்சைப் பிடிக்காதே.
ஏழாம் மாதமே சொன்னார்.
தலையாட்டியபடி
வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தேன் நான்.

பிள்ளை வந்ததும்
வயிற்றைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டினார்கள்.
அடியில் யார் கட்டுவது?

மூன்று. நான்கு.

விளக்குத்தூண் கடையில்
சுங்குடிக் கட்டை மேல்தட்டுக்கு ஏற்றும்போது
ஒரு தும்மல்.
மூன்று மாடி ஏறினால் கழிப்பறை,
கல்லாவில் முதலாளி.
சாயங்காலம் வரை
மேசைக்குப் பின்னாலேயே நின்று
சேலை விரித்தேன்.

பெத்தவளுக்கெல்லாம் இருக்கிறதுதான் என்றாள் அம்மா.
சிரிப்பு வந்தால் அவள் ஏன்
கால்களைப் பின்னிக்கொள்கிறாள் என்று
அன்றுதான் தெரிந்தது.

ஏழு. எட்டு.
பச்சை விழுந்து, ஆட்டோ குலுங்கி
எண்ணிக்கை சிந்திவிட்டது.
மறுபடி ஒன்றிலிருந்து, ஏ.வி. பாலத்தின் மேல்.
கீழே வைகை
ஒரு சொட்டும் ஒழுகாமல் கிடந்தது.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பதினோரு வாரம் ஆகிறது.
நேற்று மிளகாய் நெடியில் தும்மினேன்,
முன்கூட்டியே இறுக்கிக்கொண்டு.
கரண்டியோடு அப்படியே நின்றேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.
தாளிப்பு கருகிப்போனது.

யானைக்கல் வளைவில்
கீரைப்பை அக்கா இருமினார்.
சட்டென்று கால்களைப் பின்னிக்கொண்டு
வெளியே எதையோ பார்த்தார்.
சில்லறை எடுக்கிற சாக்கில்
காதருகே குனிந்தேன்:
அக்கா, உங்களுக்கு எத்தனை பிள்ளை?