பேர் வெட்டாத தூக்கு

பொங்கலுக்கு ஐந்து நாள் காப்பகம் மூடல்.
அதற்குள் மூன்று பேருக்கும்
ஏதாவது கொடுத்துவிட வேண்டும்.

புடவையா?
ரெஜினா மிஸ்ஸைக் காலை எட்டே முக்காலுக்கு
வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம்
நாற்பது விநாடி பார்க்கிறேன்.
அவர் கட்டிய நிறம் ஒன்றுகூட நினைவில்லை,
தோளில் என் மகள் கக்கிய பால் மட்டும்தான்.
இனிப்பா? உமையாள் மிஸ்ஸுக்குச் சர்க்கரை.
"பார்டர்தாங்க" என்பார்,
பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தபடி.
பீங்கான் கோப்பை வேண்டவே வேண்டாம்.
அவர்கள் அலமாரியில் ஏற்கெனவே பதினொன்று நிற்கிறது.
ஒன்றில் கிரேயான்,
ஒன்றில் பிள்ளைகள் தொலைத்த ஒற்றைக் கொலுசுகள்,
மீதியில் பல்லி முட்டை.

கவரில் பணம் என்றால் எவ்வளவு?
வாட்சப்பில் இரவு பதினொன்றரை வரை பேசினோம்.
"நீங்க ஆயிரம் வச்சா
எங்க பிள்ளைய யாரு தூக்குவா?"
என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்
தர்ஷித்தின் அம்மா.
அந்தப் பொம்மையை நெடுநேரம் பார்த்தேன்,
சிரிக்கிறதா என்று.

திங்கட்கிழமை, சந்தை நெரிசல்.
ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன்.
எவர்சில்வர் தூக்கு மூன்று.
மூன்றாவதைச் சின்னதாக எடுத்தால் போதாதா
என்றது ஒரு குரல்.
கடைக்காரர் குரல் இல்லை.
மூன்றும் ஒரே அளவு என்று
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"பேர் வெட்டணுமா?"
காரைக்குடியில் இதைக் கேட்காமல்
ஒரு கரண்டியைக்கூடக் கட்டித் தர மாட்டார்கள்.
ரெஜினா என்று எழுதிக் கொடுத்தேன். உமையாள் என்றும்.
ஊசி கிர்ரென்று ஓடி நின்றது.
"மூணாவது?"

மூணாவது,
என் பிள்ளைக்கு வயிறு இளகினால்
எனக்கு முன்னால் அறிபவர்.
கடைவாய்ப் பல் வருகிறது, விளக்கெண்ணெய் கொடுக்காதீக
என்று அதட்டியவர்.
ஒன்றரை வருடமாக ஆயாம்மா.

"ஆயாம்மான்னே வெட்டிரவா?"
ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.
எனக்குப் பின்னால் கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்கள்
தொண்டையைச் செருமினார்கள்.
இடுப்பிலிருந்த தாமிராவைக் கேட்டேன்:
ஆயாம்மா பேர் என்னடா?
"பப்பி" என்றாள்.
கடைவாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது.
"இத வெட்ட வேணாங்க" என்றேன்.

கடைசி நாள் மாலை
ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.
பேரைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.
"எதுக்கும்மா? ஏதும் புகாரா?
முட்டியில அந்தக் காயம் சறுக்குமரத்துல பட்டது,
நான் அப்பவே மிஸ்ஸுட்ட சொல்லிட்டேன்."
இல்லை இல்லை என்று தூக்கை நீட்டினேன்.
புரட்டிப் பார்த்தார், அடியில், மூடியில்,
பிடிக்குக் கீழே.

"பேர் வெட்டலையா? நல்லதாப் போச்சு.
வெட்டுனா கடையில திருப்பி எடுக்க மாட்டாக.
மக வீட்டுல குக்கர் இல்ல,
மேக்கொண்டு போட்டு மாத்திக்கிருவேன்."
பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.
வீடு வரை முணுமுணுவென்று ஒரு வருத்தம்.
ராஜா டீக்கடை வளைவில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
பேர் கேட்டேனே,
பதில் வாங்கிக்கொண்டு வந்தேனா?

மாட்டுப்பொங்கல் அன்று மதியம்.
ஊஞ்சல், பால், செல்போன், அதட்டல்,
எதற்கும் தூங்கவில்லை.
கடைசியில் அவளே என் விரலைப் பிடித்துத்
தன் காதுக்குப் பின்னால் வைத்தாள்,
மேலிருந்து கீழே, மெதுவாக,
இப்படி என்பதுபோல்.
யார் சொல்லிக் கொடுத்தா?
"பப்பி."

உமையாள் மிஸ்ஸுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பி,
கூடவே கேட்டேன்.
பதில் ஒரே வார்த்தை: சிகப்பி.
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
பாதித் தூக்கத்தில் கண் திறந்து
கதவைப் பார்த்தாள் தாமிரா.